நெய்யாடுபாக்கத்திலிருந்து வந்த துணைவேந்தர்



மலர்க் குழுவினர் கல்லூரிக் கால நினைவுகளைத்தான் என்னிடம் கேட்டார்கள். பங்குனித் திருவிழாவுக்கு வகுப்பைக் கட் அடித்தது, டூரிங் டாக்கீசில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தது எல்லாவற்றையும் சுவையாக எழுத நம்மிடம் ஆட்கள் உண்டு. நான் வேறொன்று எழுதுகிறேன். 1969 முதல் 1975 வரை நம் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் பீரோவிலிருந்து சான்றிதழை எடுத்துப் பாருங்கள். துணைவேந்தர் என்ற இடத்தில் இருக்கும் கையெழுத்து நம்ம ஊர்க்காரருடையது. அவர்தான் நெ.து. சுந்தரவடிவேலு. என் சான்றிதழ் 1971-ல் வாங்கியது. அவரிடம் நான் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. ஆனால் அவர் இல்லாவிட்டால் நான் கல்லூரி வாசலையே மிதித்திருக்க மாட்டேன். அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

நெ. என்பது நெய்யாடுபாக்கம். து. என்பது தந்தையார் துரைசாமி. காஞ்சிபுரத்தை அடுத்த அந்தச் சிற்றூரில் 1912 அக்டோபர் 12 அன்று பிறந்தார். அப்போது இதெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். காஞ்சிபுரம் பெயரில் மாவட்டம் வந்தது 1997-ல்தான். கிராமத்துப் பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்கு நகரத்துக்கு வரவேண்டிய காலம். அவரும் காஞ்சிபுரத்தில் கிறித்தவ மிஷன் நடத்திய உயர்நிலைப் பள்ளிக்கு வந்தார். அவரைவிட மூன்று வயது மூத்தவரான அறிஞர் அண்ணா இதே ஊரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து பச்சையப்பன் பள்ளியில் படித்தவர். பிற்காலத்தில் ஒருவர் முதலமைச்சராகவும் ஒருவர் துணைவேந்தராகவும் ஆவார்கள் என்று அன்றைய ராஜவீதியில் யார் நினைத்திருப்பார்கள்!

பள்ளிக்குப் பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. எம்.ஏ. முடித்து, ஆசிரியர் பயிற்சியான எல்.டி.யும் முடித்தார். (எல்.டி. தான் பிறகு பி.டி. ஆகி, இன்று பி.எட். ஆகியிருக்கிறது. பெயர் மாறின அளவுக்குப் பாடம் மாறியதா என்று கேட்காதீர்கள். அது தனிக் கட்டுரை.) இளமையிலேயே தந்தை பெரியாரின் கருத்துகளில் பற்று வைத்தார். வெறும் பற்றோடு நிற்கவில்லை. சாதி பார்க்காமல், சடங்கு இல்லாமல், சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டார். துணைவியார் காந்தம்மாள், குத்தூசி குருசாமியின் மனைவி குஞ்சிதம் அம்மையாரின் தங்கை. அரசுப் பணியில் இருப்பவர் அந்த நாளில் இப்படிச் செய்வது சின்ன விஷயமில்லை. கல்வித் துறையில் படிப்படியாக மேலே வந்து 1954-ல் சென்னை மாகாணத்தின் பொதுக் கல்வி இயக்குநர் ஆனார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டுகூட நிறையவில்லை.

அந்த 1954 எப்படிப்பட்ட வருஷம் என்று இன்றைய மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 1953-ல், ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளியில் பாதி நாள் படிப்பு, மீதி நாள் வீட்டுத் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. எதிர்த்தவர்கள் அதற்குக் குலக்கல்வி என்று பேர் வைத்தார்கள். நம்ம ஊரில் வீட்டுத் தொழில் என்றால் என்ன? பிள்ளையார்பாளையத்தில் பிறந்த பையனுக்குத் தறிதான். 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சரி, எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக எல்லாப் பிள்ளையையும் முழு நாளும் பள்ளியில் உட்காரவைக்க வேண்டுமே? பள்ளி எங்கே, வாத்தியார் எங்கே, பசிக்கிற வயிற்றுக்கு என்ன வழி? அந்தச் சுமை போய் உட்கார்ந்தது புதிய இயக்குநரின் தலையில்.

காமராசரும், கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியமும் முடிவு எடுத்தார்கள். அதை ஊர் ஊராகப் பள்ளிவாசல் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது நெ.து.சு. பள்ளி இல்லாத ஊர்களுக்கு ஓராசிரியர் பள்ளிகள் வந்தன. மதிய உணவு 1956-ல் தொடங்கியது. எட்டயபுரத்தில் காமராசர் தொடங்கிவைத்தார். ஆரம்பத்தில் அரசுப் பணம் இல்லை, ஊரார் கொடுத்த அரிசியும் பருப்பும்தான். பிறகு 1957 வாக்கில் செலவில் பத்தில் ஆறு பங்கை அரசு ஏற்றது, மீதியை ஊர் ஏற்றது. சென்னை நகராட்சியில் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்திலேயே, 1920-ல், ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்த முன்மாதிரி உண்டு. ஆனால் மாநிலம் முழுக்க என்பது வேறு கணக்கு.

இப்போது நான் கல்லூரிக்கு வந்த கதை. எங்கப்பா முதலாளிக்குக் கூலிக்கு நெய்தவர். கோர்வைச் சேலை எப்படி நெய்வார்கள் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர் நண்பர்களுக்குச் சொல்கிறேன். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். ரெண்டும் தனித்தனி ஊடை. ஒவ்வொரு இழையும் கரையோரத்தில் ஒன்றோடொன்று கொக்கி போட்டாற்போல் சேரவேண்டும். மூன்று நாடா ஓடும். நெய்பவர் ஒருவரால் முடியாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் பக்கத்தில் உட்காரவேண்டும். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் வீட்டுச் சின்னப் பையன். எங்க வீட்டில் அந்த ஆள் நான்தான், ஆறு வயசு.

என்னைப் பள்ளிக்கு அனுப்பினால் கரை தள்ளக் கூலிக்கு ஆள் வைக்கவேண்டும். எங்கம்மா எழுதப் படிக்கத் தெரியாதவங்க, ஆனா கணக்குத் தெரியும். பள்ளியில் மத்தியானம் சோறு போடறாங்கன்னு தெருவுல பேச்சு வந்ததும், ஒரு வயிறு ஒரு வேளைக்குக் குறையுதேன்னு கூட்டிக் கழித்துப் பார்த்தாங்க. தம்பி தறிக்குப் போனான், நான் பள்ளிக்குப் போனேன். தம்பி கடைசி வரைக்கும் தறியிலேயே இருந்தான். திட்டத்தால் எல்லாப் பிள்ளையும் கரையேறிவிட்டார்கள் என்று நான் எழுதமாட்டேன். 1990களில் கூட நம்ம ஊர்த் தறிகளில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தது பத்திரிகைகளில் வந்தது. ஆனால் வீட்டுக்கு ஒருத்தனாவது தப்பினான்.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பள்ளியில் என்ன இருந்தது? கரும்பலகை வெளுத்துப்போயிருக்கும், மணி அடிக்க ஒரு இரும்புத் துண்டு தொங்கும், குடிக்கத் தண்ணீர்ப் பானை இருக்காது. இதற்கு நெ.து.சு. கண்ட வழிதான் பள்ளிச் சீரமைப்பு மாநாடு. முதல் மாநாடு 1958-ல் நம்ம பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் நடந்தது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. நடைமுறை ரொம்ப எளிது. ஒவ்வொரு தலைமையாசிரியரும் தன் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடவேண்டும். கடிகாரம் ஒன்று, பெஞ்சு பத்து, உலகப் படம் ஒன்று, கூரை மாற்ற ஓடு என்று. பட்டியலை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் போகவேண்டும். யார் எதைத் தருகிறார் என்று எழுதி வாங்கவேண்டும். எல்லாப் பள்ளியின் கணக்கும் ஒரே மேடையில், மந்திரிகளும் இயக்குநரும் முன்னால் இருக்க, ஊரறிய வாசிக்கப்படும். எங்கள் பள்ளியின் சுவர்க் கடிகாரத்தில் கொடுத்தவர் பெயரும் அவர் தகப்பனார் பெயரும் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். பெயர் எழுதினால் கொடுப்பான் என்பது கோயில் டியூப்லைட்டைப் பார்த்தாலே தெரியாதா? அந்த மனசைப் பள்ளிக்கூடம் பக்கம் திருப்பினார். பின்னர் கோத்தாரி கல்விக் குழு (1964–66) இந்த இயக்கத்தைக் கவனித்துத் தன் அறிக்கையில் குறிப்பிட்டது.

இதில் மரம், ஓடு, கடிகாரம் எல்லாம் எனக்கு ரெண்டாம்பட்சம். நானும் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், அந்தக் கண்ணோடு பார்க்கிறேன். அதற்கு முன் கிராமத்துத் தொடக்கப் பள்ளி வாத்தியார் யார்? டெபுடி இன்ஸ்பெக்டர் வந்தால் நடுங்குகிறவர், நிர்வாகி கொடுத்தபோது சம்பளம் வாங்குகிறவர். அவரிடம் பட்டியல் போடு, ஊரைக் கூட்டு, மேடையேறிக் கணக்குச் சொல்லு என்றதும் அவர் வேறு ஆளானார். தலைமைப் பண்புப் பயிற்சி என்று இன்று மூன்று நாள் ஏ.சி. ஹாலில் பவர்பாயிண்ட் போட்டுச் சொல்லிக்கொடுப்பதை அன்றைய வாத்தியார் புழுதியில் நின்று கற்றார். குற்றம் கண்டுபிடிக்க வந்த இன்ஸ்பெக்டரும் மாநாட்டுக்கு நாற்காலி ஏற்பாடு செய்யும் ஆளானார்.

குறையையும் சொல்லவேண்டும். ஏழை ஊரில் வசூல் என்பது சுமைதான். வகுப்பை விட்டுவிட்டு நோட்டும் கையுமாக வாத்தியார் அலைந்த நாட்கள் உண்டு. பணக்கார ஊர்ப் பள்ளிக்கு நிறையவும் இல்லாத ஊருக்குக் கொஞ்சமும் கிடைத்திருக்கும் என்பதும் ஊகிக்க முடியாததல்ல. என் பார்வையில் பெரிய குறை வேறொன்று. கட்டடம் வேகமாக வளர்ந்தது, கற்பிக்கும் முறை அந்த வேகத்தில் வளரவில்லை. மாதம் ஒரு சனிக்கிழமை சுற்றுவட்டார ஆசிரியர்கள் ஒரு பள்ளியில் கூடுவோம். ஒருவர் மாதிரிப் பாடம் நடத்துவார், மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாரும் ஒரே கிணற்றுத் தவளைகள். புதிய கணக்கு, புதிய அறிவியல் என்று வெளியிலிருந்து சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டாமா?

அந்த ஆள் எங்கே இருக்கிறார்? கல்லூரியில் இருக்கிறார். பல்கலைக்கழகம் தன் மதிலைத் தாண்டி வெளியே வந்து பாடம் நடத்துவது உலகத்துக்குப் புதிதல்ல. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1873-லேயே ஊர் ஊராக விரிவுரையாளர்களை அனுப்பத் தொடங்கியது. நம் நாட்டில் 1955-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகள் சிலவற்றில் விரிவாக்கப் பணித் துறை என்று ஒன்றை மத்திய அரசின் முயற்சியில் வைத்தார்கள். கோவை ராமகிருஷ்ண வித்யாலயப் பயிற்சிக் கல்லூரியில் அப்படி ஒன்று நடந்தது. சுற்றியுள்ள பள்ளி ஆசிரியர்களுக்குக் கருத்தரங்கு, நூலகம், வார இறுதி வகுப்பு. 1963 முதல் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் பள்ளி அறிவியல், கணித ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிலகம் நடத்தின. கோடை விடுமுறையில் வாத்தியார் மாணவராகப் போய் பெஞ்சில் உட்காருவார்.

நெ.து.சு. ஆசிரியருக்குச் செய்த இன்னொன்றை மறக்கக்கூடாது. உதவி பெறும் பள்ளி ஆசிரியர் அந்நாளில் ஓய்வு பெற்றால் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டும். 1955-ல் சேமநிதி, காப்பீடு, ஓய்வூதியம் மூன்றும் சேர்ந்த முப்பயன் திட்டம் சென்னை மாநிலத்தில் வந்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல். எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த வாத்தியார் கடைசிக் காலத்தில் மாசம் பிறந்தால் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நாளைக்குச் சோறு உண்டு என்று தெரிந்த வாத்தியார்தான் இன்றைக்கு நிம்மதியாகப் பாடம் நடத்துவார். எந்தப் பயிற்சியும் அதற்கு ஈடாகாது.

1961-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நூலகங்களும் அந்நாளில் கல்வி இயக்குநர் பொறுப்பில்தான் இருந்தன, கிளை நூலகங்கள் பெருகின. பிறகு 1969-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி. இருபத்தேழு ஆண்டு, 1942 முதல் 1969 வரை, டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் அமர்ந்திருந்த நாற்காலி அது. உலகப் புகழ் பெற்ற மருத்துவருக்குப் பிறகு, தொடக்கப் பள்ளிக்கூடங்களைச் சுற்றிச்சுற்றி வந்த ஒரு மனிதர் அதில் அமர்ந்தார். மதுரைப் பல்கலைக்கழகம் 1966-ல் பிரிந்துபோயிருந்தாலும், கோவை, திருச்சிப் பக்கத்துக் கல்லூரிகள் எல்லாம் இன்னும் சென்னையோடுதான் இருந்தன. நாங்கள் கல்லூரிக்கு வந்த நேரம் அதுதான். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் தான்தான். 1950களில் மதியச் சோற்றுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் பட்ட வகுப்புக்கு வந்து சேர்ந்தபோது, அந்தச் சோற்றுக்கு ஏற்பாடு செய்தவரே துணைவேந்தராக உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு பொருத்தம் யாருக்கும் வாய்க்காது. தமிழ்வழிப் பட்டப் படிப்பு பற்றிய வாதம் சூடாக நடந்த காலமும் அதுவே. 1969-ல்தான் நாட்டு நலப்பணித் திட்டமும் இந்தியாவில் தொடங்கியது.

ஆறு ஆண்டு துணைவேந்தராக இருந்து 1975-ல் விலகினார். சோவியத் நாட்டுக்குப் பல முறை போய்வந்தவர், அதைப் பற்றியும் எழுதினார், பெரியாரைப் பற்றியும் எழுதினார். நினைவு அலைகள் என்ற தன்வரலாறு பெரிய நூல். பயந்துவிடாதீர்கள், மாணவர்களே, கதை போல் ஓடும். அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியிருக்கிறது. 1993 ஏப்ரல் 12 அன்று மறைந்தார்.

பி.எட். கல்லூரிகளுக்கென்று தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-ல் வந்துவிட்டது. கல்லூரி ஆசிரியர்களுக்குப் புத்தொளிப் பயிற்சி நடத்த 1980களின் பிற்பகுதியிலேயே பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் வந்தன. 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம், முன்னாள் மாணவரும் ஊராரும் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று இணையத்தில் பட்டியல் போடுகிறது. கடம்பத்தூர் மேடையில் வாசித்த அதே பட்டியல்தான், இப்போது செல்போனில் வருகிறது. ஆனால் ஒரு சாதாரணக் கலை அறிவியல் கல்லூரி, தன்னைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் ஊராட்சிப் பள்ளி ஆசிரியருக்கு என்ன செய்கிறது? பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. நம் கல்லூரி இயற்பியல், வேதியியல் ஆய்வகங்கள் சனிக்கிழமைகளில் பூட்டித்தான் கிடக்கின்றன.

சங்கத்தின் நிதியில் கல்லூரி முகப்பில் அலங்கார வளைவு கட்டுவது என்று ஒரு தீர்மானம் இந்த ஆண்டுப் பொதுக்குழுவுக்கு வருகிறது. வளைவு வேண்டாம் என்று நான் சண்டைக்கு வரவில்லை, ஊரில் வளைவுக்குப் பஞ்சமும் இல்லை. அதே பணத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமை சுற்றுவட்டார நடுநிலைப் பள்ளி அறிவியல், கணித ஆசிரியர்களை வரவழைத்து, பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் கொடுத்து, ஆய்வகத்தைத் திறந்துவிடலாம் என்று நானும் நான்கு நண்பர்களும் ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். துறைப் பேராசிரியர்கள் இரண்டு பேர் சம்பளம் வாங்காமல் நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்கள் ஆறு பேர் பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களை அழைத்துவரத் தயார். உதவிக்கு மூன்றாம் ஆண்டு மாணவர்கள் பத்துப் பேர் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் நூலகத்தில் வைத்திருக்கும் நோட்டில் பெயர் எழுதலாம். பொதுக்குழு மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கூடுகிறது. பந்திக்கு மட்டும் வருவது என்ற வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிட்டு, முன்னதாகவே வந்து கையைத் தூக்குங்கள்.